கோட்டைக்குள்ள தனியா மாட்டிக்கிட்டவங்க

பேய்ப் புத்தகம்லாம் எதுக்குப் படிக்கிற, ராத்திரி தூக்கம் வருமான்னு கேக்குறவங்களுக்கு விளக்கமா ஒரு பதில் எழுதணும்னு ரொம்ப நாளா ஆச. எனக்கு இந்த கோதிக் நாவல்கள்ல, அதாவது பழைய கோட்டை, மர்ம வீடுன்னு நடக்குற திகில் கதைங்கள்ல, பேயப் பாத்து பயம் வர்றது கம்மிங்க. ஒரு மனுஷன் சொல்லி அழ ஆளில்லாம, கூப்பிட்டா வர நாதியில்லாம ஒரு எடத்துல மாட்டிக்கிறான் பாருங்க, அங்கதான் எனக்கு ஈரக்கொல நடுங்கும்.

டிராகுலாவயே எடுத்துக்கங்க, 1897ல பிராம் ஸ்டோக்கர் எழுதினது. படம் பாத்துட்டுப் படிக்கிறவங்க பல்லு, ரத்தம், வௌவால்னு எதிர்பாத்து வருவாங்க. என்னைய உலுக்குன எடம் வேற. ஜோனதன் ஹார்க்கர்ங்கற இளம் வக்கீல், டிராகுலா பிரபுவோட டிரான்சில்வேனியா கோட்டைக்கு வேலையா வந்ததுலேர்ந்து ஒரு வேலக்காரனக்கூட கண்ணுல பாக்கல, ஆனா சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேசையில இருக்கு, ஒரு நாள் கதவு இடுக்கு வழியா பாக்குறான், பிரபுவே மேசைய அடுக்குறாரு, இவன் படுக்கையையும் அவரே போடுறாரு. அப்பதான் அவனுக்கு உறைக்குது, வேலக்காரங்கன்னு இங்க யாருமே இல்ல, ராத்திரி மலைப்பாதையில நம்மள ஓட்டிட்டு வந்த வண்டிக்காரனும் இவர்தான்னு. கடிக்கிற காட்சி எதுவும் என்னைய இந்த அளவுக்கு பயமுறுத்தல. அப்பறம் தான் கட்டிக்கப்போற மினாவுக்கு ஹார்க்கர் சுருக்கெழுத்துல எழுதி ரகசியமா அனுப்பப் பாத்த லெட்டர அவன் முன்னாடியே விளக்குல காட்டி எரிச்சிடுறாரு. இருந்த ஒரே வழியும் போச்சு. டிராகுலா இங்கிலாந்துக்கு வர்ற கப்பல் பகுதியும் அப்படித்தான், ஆளுங்க ஒவ்வொருத்தரா காணாமப்போய், கடைசியில கேப்டன் மட்டும் தன் கைய சுக்கானோட கட்டிக்கிட்டு நிக்கிறாரு. முதல் நாலு அத்தியாயத்துக்கு அப்பறம் டிராகுலா நேர்ல வர்றதே கொஞ்சம்தான், ஆனா பயம் கொறையவே கொறையாது.

கோதிக் நாவலுக்கெல்லாம் ஆரம்பம்னு சொல்ற 1764 ஒட்ராண்டோ கோட்டையும் படிச்சேன். வானத்துலேர்ந்து வந்த மாதிரி ஒரு ராட்சசத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ள நசுங்கி சாகுறான். வரலாறு தெரிஞ்சிக்க படிக்கலாம், மனசுல நிக்கல.

ஃபிராங்கன்ஸ்டைன் படிச்சு நான் பயப்படல, அழுதேன். இத எழுதுன மேரி ஷெல்லிய பெத்த அம்மா இவங்க பொறந்த சில நாள்லயே போய்ட்டாங்க, 1815ல இவங்களோட முதல் கொழந்தையும் குறைமாசத்துல பொறந்து செத்துப்போச்சு, நெருப்புகிட்ட வச்சு தேய்ச்சுவிட்டதும் கொழந்த உசுரோட எந்திரிச்சிட்டதா கனவு கண்டேன்னு டைரியில எழுதி வச்சிருக்காங்க. அடுத்த வருஷம் ஜெனீவா ஏரிக்கரையில இந்தக் கதைய ஆரம்பிக்கிறப்ப அவங்களுக்கு வயசு 18. இது தெரிஞ்சப்பறம், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்ங்கறவன் உசுர் குடுத்து உண்டாக்குன அந்த ஜந்து மொதமொதல்ல கண்ணத் தொறக்குற எடத்த என்னால சாதாரணமா படிக்க முடியல. கண்ணத் தொறந்ததும் உண்டாக்குனவன் பயந்து ஓடிப்போறான். அது என்ன தப்பு பண்ணிச்சு சொல்லுங்க? ஒரு ஏழைக் குடும்பத்துக்குப் பக்கத்துல ஒளிஞ்சுக்கிட்டு, சுவத்து இடுக்கு வழியா அவங்களப் பாத்து பேச்சு கத்துக்குது, ராத்திரியில அவங்களுக்கு விறகு கொண்டாந்து போடுது, கண்ணு தெரியாத பெரியவர்கிட்ட மட்டும் தைரியமா போய்ப் பேசுது, அவரும் அன்பாத்தான் பேசுறாரு, அதுக்குள்ள மகன் வந்து கம்பால அடிச்சு வெரட்டிடுறான். அதுக்கப்பறம் அது பண்ற கொலைங்கள நான் நியாயம்னு சொல்லல, ஆனா விக்டர மன்னிக்க என்னால இன்னும் முடியல.

ஷெர்லி ஜாக்சனோட ஹில் ஹவுஸ் நாவல், 1959, இது எல்லாத்தையும் தாண்டிருச்சு. பேய் வீடுன்னு பேர் வாங்குன ஹில் ஹவுஸ ஆராய வர்றவங்கள்ல ஒருத்தி எலினார், அவளுக்கு 32 வயசு, அதுல 11 வருஷம் சீக்குல கெடந்த அம்மாவ பாத்துக்கிட்டதுலயே போயிருச்சு, தனக்குன்னு ஒரு எடம் இல்ல. நம்ம சினிமாவுல பேய் வந்தா ஒரு காரணம் இருக்கும், பழிவாங்கிட்டுப் போயிரும். இங்க என்ன நடக்குதுன்னே தெளிவா சொல்ல மாட்டாங்க. இருட்டுல பக்கத்து ரூம்ல கொழந்த அழுற சத்தம், பயந்துபோய் எலினார் தன்கூட தங்கியிருக்குற தியோடோரா கைய இறுக்கிப் புடிச்சிக்கிறா, வெளிச்சம் வந்தா தியோடோரா அந்தப் பக்கம் வேற கட்டில்ல இருக்கா. இவ புடிச்சிருந்த கை யாரோடதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. இன்னொரு எடத்துல சுவத்துல இவ பேர எழுதி வீட்டுக்கு வரச் சொல்லுது. அவள பேர் சொல்லி வான்னு கூப்பிட ஒரு வீடு மட்டும்தான் இருந்திருக்குன்னு நெனச்சா அத விடக் கொடுமை வேற இல்ல.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஃபிராங்கன்ஸ்டைன்லேர்ந்து ஆரம்பிங்க, ஆனா தயவுசெஞ்சு முதல்ல வர்ற லெட்டர்கள போர்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. வட துருவத்துக்குக் கெளம்புற வால்டன் ரெண்டாவது லெட்டர்லயே எனக்குன்னு ஒரு ஃபிரெண்டு இல்லையேன்னு சகோதரிகிட்ட பொலம்புறான். அதப் படிச்சிருந்தாதான் பின்னாடி அந்த ஜந்து எனக்கு ஒரு தொணைய உண்டாக்கிக் குடுன்னு விக்டர்கிட்ட கெஞ்சுற எடம் முழுசா பிடிபடும்.