கணக்கில் எழுதிய ஒரு துண்டு பால்கோவா

விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே ஆசிரியர் வேலை பார்த்து, இங்கேயே குடும்பம் நடத்துகிற ஒருத்தி உடல் எடையைக் குறைக்க முடிவெடுத்தால் அவளுக்கு எதிரே எவையெல்லாம் வந்து நிற்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லாமலே தெரியும். மேற்கே திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, தெற்கே சாத்தூர்க் காராச்சேவு, அதற்கும் அப்பால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஊருக்குள்ளேயே எண்ணெய்ப் புரோட்டா. பால்கோவாவுக்கு 2019-இலும் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் வீட்டில் உண்மையாகவே மகிழ்ந்தோம். இவை வெறும் தின்பண்டங்கள் அல்ல, எங்கள் ஊர்களின் பெயரோடு பிறந்தவை. ஆகவே எடையைக் குறைக்க வேண்டுமானால் இவற்றை மறந்துவிட வேண்டும் என்று யாராவது சொல்லும்போது, அது நடக்கக்கூடிய காரியமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் அதை நம்பிச் செய்து பார்த்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயது 42, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. ஓர் எடைக் குறைப்பு நிலையத்தில் பணம் கட்டினேன். அவர்கள் கொடுத்த தாளில் 90 நாள்களுக்கு அரிசி, சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் கூடாது என்று எழுதியிருந்தது. 23 நாள்கள் ஒழுங்காக இருந்தேன். இருபத்து நான்காம் நாள் பள்ளியில் ஓய்வுபெறும் ஆசிரியை ஒருவர் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். மறுக்க மனம் வரவில்லை, சாப்பிட்டேன். 50 கிராம் இருந்திருக்கும். அதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. மாலை வீடு திரும்பும்போது ‘இன்றைய நாள் எப்படியும் கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்துக்கொண்டு வடை வாங்கினேன், இரவு புரோட்டா சாப்பிட்டேன், மறுநாள் ஞாயிறு என்பதால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். அந்தத் திங்கட்கிழமை ஆறு மாதம் கழித்துத்தான் வந்தது.

பால்கோவா 50 கிராமில் ஏறத்தாழ 200 கலோரி இருக்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக, அந்தத் துண்டு எனக்குச் செய்த கேடு மிகச் சிறியது. அதைத் தின்ற பிறகு நான் கைவிட்ட மிச்ச நாளும், அதற்குப் பிறகு கைவிட்ட மாதங்களும்தான் என் எடையைக் கூட்டின.

இது என் ஒருத்தியின் மனப்பலவீனம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான், 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். சுவை பற்றிய சோதனை என்று சொல்லி, கல்லூரி மாணவிகளில் சிலருக்கு எதுவும் கொடுக்காமலும், சிலருக்கு ஒரு கோப்பை மில்க் ஷேக்கும், சிலருக்கு இரண்டு கோப்பையும் கொடுத்துவிட்டு, அடுத்ததாக ஐஸ்கிரீமை வைத்து வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்திருந்தால் யாரும் செய்வது அதுதான். எந்நேரமும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்த பெண்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் ஒருமுறை முறிந்துவிட்டால் அன்றைக்கு அது முறிந்ததுதான் என்ற எண்ணமே அவர்களைச் சாப்பிட வைத்தது. என்னுடைய இருபத்து நான்காம் நாளை யாரோ என் பின்னால் நின்று பார்த்து எழுதியதைப் போல இருந்தது.

ஆகவே இரண்டாம் முறை தொடங்கியபோது எதையும் விலக்கவில்லை, எல்லாவற்றையும் கணக்கில் எழுதினேன். என் வயதுக்கும் உயரத்துக்கும் அன்றாட நடமாட்டத்துக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,850 கலோரி செலவாகும் என்று சூத்திரம் சொன்னது. அதில் 400 குறைத்து 1,450 என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 10,150. இதை ஏழாகச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திங்கள் முதல் சனி வரை நாளுக்கு 1,400 சாப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு 1,750 மிஞ்சுகிறது. மற்ற நாள்களைவிட 350 அதிகம். மாதச் சம்பளத்தில் சீட்டுக் கட்டுவதற்கு முன்கூட்டியே எடுத்து வைப்பதை நாம் யாரும் ஊதாரித்தனம் என்று சொல்வதில்லை. அந்த 350 அப்படி எடுத்து வைத்த பணம். அதில் ஒரு வாரம் ஓர் எண்ணெய்ப் புரோட்டா, இன்னொரு வாரம் பால்கோவாவும் ஒரு கடலைமிட்டாயும். புரோட்டாவை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது தொடக்கத்தில் கடினமாக இருந்தது. கூடவே இரண்டு அவித்த முட்டையும் வெங்காயமும் வைத்துக்கொண்ட பிறகு அது பழகிவிட்டது.

ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றை எடை இயந்திரம் எனக்குக் காட்டியது. உடலை நிறுக்கும் இயந்திரத்தைச் சொல்லவில்லை, சமையலறையில் கிராம் கணக்கில் நிறுக்கும் சின்ன இயந்திரத்தைச் சொல்கிறேன். மாலையில் பள்ளியிலிருந்து வந்து, உலையை ஏற்றிவிட்டு, காராச்சேவுச் சம்படத்தைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே காய் நறுக்குவது என் வழக்கம். ஒருநாள் அந்தக் கையளவை வாயில் போடாமல் இயந்திரத்தின் மேல் கொட்டினேன். 35 கிராம். காராச்சேவில் 100 கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாது. ஆக, ஒரு கை என்பது ஏறத்தாழ 180. சோறு வெந்து முடிவதற்குள் நான் மூன்று முறை அள்ளுவேன். இத்தனை ஆண்டுகள் அதை உணவு என்றே நான் எண்ணியதில்லை. யார் கேட்டாலும் ‘மாலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன்’ என்றுதான் சொல்லியிருப்பேன், அதை மனதார நம்பியும் இருப்பேன்.

காப்பியும் அப்படித்தான். நாளுக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 30 கிராம், 120 கலோரி. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. 1,450 கலோரிக்கு அது 36 கிராம். காப்பியே 30 கிராமை எடுத்துக்கொண்டால் பால்கோவாவுக்கு இடம் எங்கே இருக்கும்? ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காப்பிக்கு அரைக் கரண்டிக்கு வந்தேன். நாளுக்கு 90 கலோரி மிச்சம், வாரத்துக்கு 630. அது மூன்று துண்டு பால்கோவாவின் கணக்கு. பாலையும் ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து நீலப் பாக்கெட்டுக்கு மாற்றினேன். முன்னதில் கொழுப்பு 6 விழுக்காடு, பின்னதில் 3. முதல் வாரம் காப்பி தண்ணீராக இருப்பதாக வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். டிக்காஷனைக் கெட்டியாக இறக்கினேன், அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாம் விரும்பித் தின்னும் இனிப்பு வேறு, கவனமே இல்லாமல் உள்ளே போகும் இனிப்பு வேறு. எடை குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கை வைப்பது விரும்பித் தின்பதில்தான். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசையை வீணாகக் கூடாதென்று நின்றுகொண்டே வாயில் போடுவதும், குழம்பில் மிதக்கும் எண்ணெயும், வேலை நடுவே கொறிப்பதும் அப்படியே தொடர்கின்றன. நம் வீட்டுப் பெண்களை நினைக்கும்போது எனக்கு இதில் வருத்தம் மிகுதி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்கு மட்டும் இனிப்பு வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கிறவள், பாத்திரம் கழுவும் நேரத்தில் அடியில் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுகிறாள். அதில் உடலுக்கும் நன்மையில்லை, ருசித்த நிறைவும் இல்லை. ஒரு துண்டு என்றாலும் அதைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, மற்றவர்களோடு பேசிக்கொண்டு தின்ன அவளுக்கும் உரிமை உண்டு.

கடந்த தீபாவளிக்கு என் அத்தை அதிரசம் சுட்டார்கள். அளவு தெரியாமல் எப்படி எழுதுவது என்று கேட்டேன். “மாவுக்கு அளவு இருக்கு, திங்கிறதுக்குமா அளவு?” என்றவர்கள், நான் விடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தாமே அடுப்பருகில் இயந்திரத்துக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள். பச்சரிசி ஒரு கிலோ, வெல்லம் முக்கால் கிலோ. எண்ணெய்தான் குழப்பும், சட்டியில் ஊற்றியது எல்லாம் பலகாரத்தில் ஏறுவதில்லை. சுடுவதற்கு முன்பும், சுட்டு முடித்துக் கிண்ணத்தில் வழிந்த எண்ணெயைத் திரும்பச் சேர்த்த பிறகும் சட்டியோடு எடை பார்த்தேன். 220 கிராம் குறைந்திருந்தது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி என்பதால் எண்ணெய் மட்டும் 1,980. அரிசிக்கும் வெல்லத்துக்கும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை ஒட்டிக் கணக்கிட்டேன். மொத்தம் ஏறத்தாழ 8,200. அதிரசங்கள் 52. ஒன்றுக்கு ஏறத்தாழ 160. “அப்ப உனக்கு நாளைக்கு ரெண்டு, சரியாம்மா?” என்று கேட்டு, இரண்டைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார்கள். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம் என்று சொல்லி அவர்கள் மனத்தை நோகடிக்கவும் இல்லை, ஐந்தாறாகத் தின்றுவிட்டுப் பின்னால் வருந்தவும் இல்லை.

இந்த இடத்தில் வெல்லத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்றால் எடை கூடாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வெள்ளைச் சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு இல்லை. கருப்பட்டியின் மணத்துக்காக அதைத் தின்னுங்கள், நானும் அதற்காகவே தின்கிறேன்; ஆனால் எழுதும்போது சர்க்கரையாகவே எழுதுங்கள். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதி விற்கும் இனிப்பிலும் நெய் இருக்கிறது, நெய்யின் கலோரி எங்கும் போய்விடுவதில்லை. அதேபோல, தின்றதை நடந்து கரைத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். நடை உடலுக்கும் மனத்துக்கும் மிக நல்லது, நான் நாள்தோறும் நடக்கிறேன். இனிப்புக்குத் தண்டனையாக நடப்பதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் இயந்திரத்தில் ஏறியபோது 1.3 கிலோ கூடியிருந்தது. முந்தைய முறையாக இருந்தால் அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டிருப்பேன். 1.3 கிலோ கொழுப்பு சேர ஒரே நாளில் தேவைக்கு மேல் 10,000 கலோரி தின்றிருக்க வேண்டும். இரண்டு அதிரசத்திலும் ஒரு கறிக்குழம்புச் சோற்றிலும் அது வராது. உப்பும் மாவுச்சத்தும் கூடும்போது உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அந்த மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்குகிறது. பட்டினி கிடக்காமல் வழக்கமான 1,400-க்குத் திரும்பினேன். நான்காம் நாள் பழைய எண் வந்துவிட்டது. பண்டிகைக்கு மறுநாள் பட்டினி கிடப்பதுதான் அடுத்த மீறலுக்குக் கதவைத் திறக்கிறது என்பது என் அனுபவம்.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளிவந்த பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்குக் கலோரிக் கணக்கு மட்டும் போதாது; எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கருவுற்றிருப்பவர்களுக்கும் அப்படியே. எண்களை எழுத எழுத மனம் பதறுகிறவர்கள், சாப்பாட்டைக் கண்டு அஞ்சுகிறவர்கள் நோட்டை மூடி வைத்துவிட்டு நல்ல மருத்துவரைப் பாருங்கள். அவர்களுக்கு இந்த நோட்டே கேடாகிவிடும்.

பதினொரு மாதத்தில் நான் 63 கிலோவுக்கு வந்தேன், இன்றும் அதை ஒட்டியே இருக்கிறேன். இன்னும் சில கிலோ குறைய வேண்டும், அவசரமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவில்லிபுத்தூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. மண்டபத்தில் சாப்பாடு, திரும்பும்போது ஆண்டாள் கோயில், கோயிலை ஒட்டிய தெருவில் பால்கோவாக் கடை. நோட்டில் ஞாயிறு என்று எழுதிய பக்கத்தில் முதல் வரியாகவே ‘பால்கோவா, 50 கிராம், 200’ என்று இன்று காலையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மற்றவை அதற்குக் கீழே வரும்.