ஒட்டுக்குக் கீழே வந்த துளிர்

கன்றுகளை இணையத்தில் எடுப்பித்தால் வாசலுக்கே தோட்டம் வரும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் எங்கள் உவர்மலை வாசலுக்கு வந்தது விறகு. போன ஆடியில், கச்சான் காற்று அனலாய் அடிக்கும் நேரம், கண்டிப் பக்கமிருந்து ஒட்டு மாங்கன்று ஒன்றும் இரண்டு ரோசாவும் எடுப்பித்தேன் (என் புத்தியைச் சொல்ல வேண்டும்). ஐந்து நாள் பெட்டிக்குள். ரோசா இலை அப்பளம் மாதிரி நொறுங்கியது. வேரைச் சுற்றித் தென்னந் தும்புத்தூள்கூட இல்லை, காய்ந்த பேப்பர்தான். மாங்கன்று மட்டும் துளிர்த்தது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது ஒட்டுக்குக் கீழயெல்லோ வருது" என்றார். மேலே ஒட்டுக் கட்டிய கறுத்தக்கொழும்பான் மாங்கிளை செத்துவிட்டது, வளர்வது அதைத் தாங்க அடியில் வைத்த வேறு மாங்கன்றின் அடிக்கட்டை. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "தண்ணி ஊத்துங்க" என்று பதில். சரி, ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.