ஓசுவின் கேமரா யாருடைய கண்மட்டம்?

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் யாசுஜிரோ ஓசு பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வரி முந்திக்கொண்டு வரும்: "பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் கேமரா வைத்தவர்." அந்த வரியை இனியாவது விட்டுவிடலாம். அது தவறு.

அவருடைய கேமரா பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே இருக்கிறது. பாயே இல்லாத அலுவலகத்திலும் நடைபாதையிலும்கூடத் தாழ்ந்தே நிற்கிறது. ஆள் எழுந்தால் கேமராவும் கொஞ்சம் உயரும், ஆனால் அவர் கண்ணைத் தொடாது. அது யாருடைய பார்வையும் அல்ல, சட்டகத்துக்காக ஓசு வகுத்த விகிதம். பேசாப்பட நாட்களில் ஒரு மதுக்கூட செட்டில் தரையெல்லாம் விளக்கு வயர்கள் கிடந்தன. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒதுக்கி மாளாமல் கேமராவை இறக்கி வைத்ததில் தொடங்கியது இது என்று அவரே சொல்லியிருக்கிறார். தாழ்ந்த கேமராவில் ஜென் பௌத்தத் தத்துவம் தேடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவரைப் பின்பற்றும் குறும்படங்கள் சறுக்குவது லென்ஸில். ஓசுவும் ஒளிப்பதிவாளர் யூஹாரு அத்சுதாவும் ஏறக்குறைய எப்போதும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார்கள். 24 மி.மீ. அகலக்கோண லென்ஸைப் போட்டுக் கேமராவைத் தரையில் வைத்து மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் மேலே குவியும், தாடை பெருத்துத் தெரியும். அன்றைய 35 மி.மீ. ஃபிலிமில் படச்சட்டத்தின் அகலம் சுமார் 22 மி.மீ.தான். இன்றைய ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் அகலம் 36 மி.மீ.) அதே பார்வை வேண்டுமென்றால் 75 முதல் 85 மி.மீ. வரை போக வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவரை முழுதாக எடுக்கவே மூன்று மீட்டர் பின்வாங்க வேண்டியிருக்கும். சிறிய அறையில் அதற்கு இடம் கிடைக்காது. கேமராவைத் தாழ்த்துங்கள், மேல்நோக்கிச் சாய்க்காதீர்கள்.

அடுத்தது, 180 டிகிரி விதி: பேசும் இருவருக்கிடையே ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஓசு அதைப் பொருட்படுத்தவே இல்லை. எதிரெதிரே இருக்கும் இருவரும் திரையில் ஒரே பக்கம் பார்ப்பார்கள். ஆனாலும் உறுத்துவது குறைவு, ஏனென்றால் இரண்டு முகங்களும் சட்டகத்தில் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும். இந்த அளவு பொருந்தாமல் கோட்டை மட்டும் தாண்டினால் அது வெறும் பிழை. ஷாட்டுக்கு ஷாட் குப்பியையும் கிண்ணத்தையும் அவர் நகர்த்துவார், கன்டினியூட்டி (ஷாட்டுகளுக்கிடையிலான தொடர்ச்சி) கெட்டாலும் கவலையில்லை. 1958இல் வந்த அவருடைய முதல் வண்ணப்படம் 'ஈக்வினாக்ஸ் ஃப்ளவர்'. அதன் சிவப்புக் கெட்டிலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்தச் சிவப்புக்காகத்தான் ஆக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்தெடுத்தார்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அவரும் திரைக்கதைத் துணைவர் கோகோ நோடாவும் எழுதாமல் விட்டவை. 'லேட் ஸ்ப்ரிங்' (1949) முழுக்க ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியது. மாப்பிள்ளையின் முகம் வராது, கல்யாணமும் வராது. மணக்கோலத்தில் மகள் கிளம்புகிறாள், பிறகு தனியாக வீடு திரும்பும் தந்தை ஆப்பிள் தோலைச் சீவுகிறார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) டோக்கியோவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் ஊர் திரும்பும் வழியில் ஓசாகாவில் இறங்குவதும், தாய்க்கு ரயிலில் உடம்பு முடியாமல் போனதும் இளைய மகனின் பேச்சில்தான் தெரிகிறது. கடைசியில், தாய்க்கு விடியும்வரை தாங்காது என்கிறான் மருத்துவனான மூத்த மகன். அடுத்து பெற்றோரின் ஊரான ஒனோமிச்சியின் வெறிச்சோடிய துறைமுகம், விடிகாலை. மறுபடி வீட்டுக்குள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது.