காரணி வேறு, காரணம் வேறு

'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதைத் தமிழில் 'ஆபத்துக் காரணி' என்கிறோம். பாடநூல்களில் 'இடர்க் காரணி' என்றும் வரும். எப்படி எழுதினாலும் அந்தக் 'காரணி' கூடவே வந்துவிடுகிறது. படிப்பவர் மனதில் அது 'காரணம்' என்றே பதிகிறது. மாரடைப்பு பற்றி நம்மிடையே சுற்றும் குழப்பங்களில் பலவற்றுக்கு இந்தச் சொல்தான் வாசல் என்று நினைக்கிறேன்.

சொல் புழக்கத்துக்கு வந்த ஆய்வைப் பார்த்தாலே இது புரியும். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்வு அது. 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், எடை, புகைப்பழக்கம், இ.சி.ஜி. என்று எல்லாவற்றையும் பதிந்துகொண்டார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து மறுபடி பார்த்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்து, வந்தவர்களின் பழைய அளவுகளை வராதவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். 1961இல் வில்லியம் கேனல் குழுவினர் வெளியிட்ட கட்டுரைதான் இந்தச் சொல்லை மருத்துவ உலகில் பரப்பியது. இம்முறை தரக்கூடிய விடை ஒன்றே ஒன்று: இந்த அளவு கூடியவர்களுக்கு அந்த நோய் அதிகம் வருகிறது. அளவைக் குறைத்தால் நோய் குறையுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும்.

இதற்கு 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல். கதையைவிடத் தெளிவான சான்று கிடையாது. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1977இல் அதே ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு சொன்னது. பிறகு நடந்த பல ஆய்வுகளும் அதையே சொல்லின. அப்படியானால் அதை உயர்த்தினால் மாரடைப்பு குறையும் அல்லவா? டோர்செட்ராபிப் என்ற மருந்தை 15,000 பேருக்கு மேல் சேர்த்துச் சோதித்தார்கள். எச்.டி.எல். 72 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் மருந்து சாப்பிட்ட பக்கத்தில் இறப்புகள் கூடின. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து இரத்த அழுத்தத்தையும் ஏற்றியது, ஆகவே பழி மருந்தின் மேல் போகட்டும் என்று விடலாம். ஆனால் அடுத்து வந்த டால்செட்ராபிப் எச்.டி.எல்லை உயர்த்தியும் பலனில்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு, எச்.டி.எல்லை உயர்த்தும் நியாசினைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகளிலும் பலனில்லை.

2012இல் மரபணு வழியாக வந்த விடை இன்னும் அழுத்தமானது. சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றத்தால் எச்.டி.எல். சற்றுக் கூடுதலாக இருக்கும். யாருக்கு அந்த மரபணு வாய்க்கும் என்பது கருவிலேயே குலுக்கல் போல முடிவாகிவிடுகிறது. அவர் பிற்பாடு புகைப்பாரா, உடற்பயிற்சி செய்வாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. எச்.டி.எல். உண்மையிலேயே இதயத்தைக் காப்பதாக இருந்தால் இவர்களுக்கு மாரடைப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது தற்செயல். எச்.டி.எல். விஷயம் தற்செயல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். தொடர்பு உண்மை, எத்தனை முறை பார்த்தாலும் வரும். தொப்பை, புகை, உடலுழைப்பின்மை, சர்க்கரை நோய், உயர்ந்த டிரைகிளிசரைடு (இரத்தத்திலுள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) எல்லாம் சேரும் உடம்பில் எச்.டி.எல். தாழ்ந்து கிடக்கிறது. அது நடப்பதைக் காட்டுகிறது; நடத்தி வைக்கவில்லை. அதனால்தான், நிரூபணம் ஆகும்வரை இத்தகையவற்றை 'ஆபத்துக் குறி' என்று எழுதுவோம் என்கிறேன். காரணி என்ற பெயரைச் சோதனைகளில் தேறியவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். அப்படித் தேறியது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாததால் பிறவியிலிருந்தே எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு இதய நோய் 88 விழுக்காடு குறைவாக இருந்தது. 2006இல் வந்த கண்டுபிடிப்பு இது. அதற்கு முன்பே, 1994இல், 4,444 இதய நோயாளிகளைப் பிரித்து ஒரு பாதிக்கு எல்.டி.எல்லைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்த சோதனையில் இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. மரபணுவும் மருந்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன. 'கொலஸ்ட்ரால் எல்லாம் கட்டுக்கதை' என்று பகிர்பவர்கள் இந்த இரண்டுக்கும் விடை சொல்லிவிட்டுப் பகிரட்டும். அவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிறவரின் இரத்தக்குழாய்க்கு வாதம் புரியாது.

எதையும் மாற்றாமல் நடப்பதைப் பார்த்துப் பதியும் கவனிப்பு ஆய்வு ஏன் ஏமாற்றும்? மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அதைச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவு என்று பல ஆண்டுகள் ஆய்வுகள் காட்டின. சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள், தம் உடல்நலத்தைக் கவனிப்பவர்கள். அந்தச் சாதகத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிவிட்டோம். 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்த பெரிய சோதனை 2002இல் பாதியில் நின்றபோது, கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும்) சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் 29 விழுக்காடு அதிகம் என்று தெரிந்தது. (சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற உடனே தொடங்குபவர்களுக்குக் கணக்கு வேறு. அதை மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.)

அந்த 29 விழுக்காட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்த இடத்தில் 37 பேருக்கு வந்தது, அவ்வளவுதான். (29 என்பது வயது முதலியவற்றைச் சரிசெய்து கணக்கிட்ட எண்; 37ஐ 30ஆல் நேராக வகுத்தால் சற்றுக் குறைவாக வரும்.) இரண்டும் உண்மையான எண்கள். செய்தித் தலைப்பில் எப்போதும் முதலாவதுதான் இருக்கும். 'ஆபத்து இருமடங்கு' என்று படித்தால், எத்தனையிலிருந்து எத்தனை ஆனது, எத்தனை ஆண்டில் என்று தேடுங்கள். அது இல்லாத செய்தியை நான் பகிர மாட்டேன்.

யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதும் முக்கியம். காபியால் கணையப் புற்றுநோய் என்று 1981இல் ஓர் ஆய்வு பரபரப்பாக்கியது. ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களில் பலர் புற்றுநோயாளிகளைப் பார்த்த அதே மருத்துவர்களிடம் வயிற்றுக் கோளாறுக்காக வந்தவர்கள். வயிறு சரியில்லாதவர் காபியைக் குறைத்திருப்பார். புற்றுநோயாளிகள் அதிகம் குடித்ததாகத் தோன்றியது அதனால்தான் என்று விமரிசனம் எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதேபோல, மது குடிக்காதவர்கள் கூட்டத்தில் உடம்பு கெட்டபின் குடியை விட்டவர்களும் கலந்திருந்தால், அளவாகக் குடிப்பவர் ஆரோக்கியசாலியாகத் தெரிவார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆய்வுகளையே நம்ப முடியாது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், புகைப்பவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு, 50இல் 6, 40இல் 9 ஆண்டு திரும்பக் கிடைத்தது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இரத்த அழுத்தமும் அப்படித்தான். 40 முதல் 69 வயதுக்காரர்களில், அளவின் மேல் எண் (சிஸ்டாலிக்) 115ஐத் தாண்டி ஒவ்வொரு 20 கூடும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது. ஆனால் ஒருநாள், ஒருமுறை எடுத்த அளவு ஆளைக் காட்டாது. ஆய்வாளர்களுக்கே இது தலைவலி: ஒற்றை அளவை நம்பிக் கணக்கிட்டால் உண்மையான ஆபத்து குறைத்தே தெரியும். வீட்டில் எடுப்பவர்கள் செய்யும் தவறுகளும் அதிகம். பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் எண் ஏறும்; உள்ளே காற்று நிரம்பும் பை கையின் சுற்றளவில் 80 விழுக்காட்டையாவது சுற்ற வேண்டும். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். பேசினாலும் கூடும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய 5 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுங்கள். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள்.