கமான் பட்டை கூட்டினால் சுமைத்திறன் கூடிவிடாது
பின் அச்சின் மேல் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்கான பின்பக்கக் கமானில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் பிக்கப் வண்டி அரை டன் அதிகம் தாங்கும் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. உயர்வது வண்டியின் பின்பகுதி மட்டுமே, அச்சும் பேரிங்கும் டயரும் பழையவைதாம். கட்டுரை தொடாமல் விட்டது பிரேக்கை. பல பிக்கப்களில் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையே சிறு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. பாரம் ஏறிப் பின்பகுதி தாழும்போதுதான் அது பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை விடும். பட்டை விறைப்பாகிவிட்டால் முழுப் பாரத்திலும் வண்டி அவ்வளவாகத் தாழாது என்பதால், காலி வண்டிக்கு உரிய அழுத்தமே பின்னால் போகும். வாழைத்தார் ஏற்றும் என் வண்டியில் பட்டை கூட்டிய பிறகு, இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் குத்திக்கொண்டு, வழக்கத்தைவிடத் தள்ளிப்போய்த்தான் நின்றது. கமானை அச்சோடு பிடித்து வைக்கும் யூ போல்ட்டை அவ்வளவு கவனமாக இறுக்கிய பட்டறைக்காரர் அந்தக் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை; வேறொரு மெக்கானிக் அதைச் சரிசெய்த பின்னரே வண்டி பழையபடி நின்றது. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள அனுமதி எடை வெறும் காகிதக் கணக்கு என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்பதையும், அந்தக் கணக்கு ஆர்.சி. எடையை வைத்தே போடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.