எம்.ஏ. ஆங்கிலம் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு

பி.ஏ. ரிசல்ட் வந்துவிட்டால் இன்பாக்ஸில் தவறாமல் வரும் கேள்வி இது: "எம்.ஏ. இங்கிலீஷ் சேரலாமா அக்கா? டீச்சர் வேலையை விட்டால் வேறு ஏதாவது கிடைக்குமா?" கேட்பவர்களில் பாதிப்பேர் அரசுக் கல்லூரியில் படித்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

சேரலாம். வேலையும் கிடைக்கும். ஆனால் கைடை மனப்பாடம் செய்து பாஸாகிவிடலாம் என்ற எண்ணத்தோடு சேராதீர்கள்.

முதலில் ஆசிரியர் வேலை. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆக எம்.ஏ.வோடு பி.எட்.டும் வேண்டும். பி.எட். இப்போது 2 வருடம். ஆக, பி.ஏ.வுக்குப் பிறகு 4 வருடம், அதற்கப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் தேர்வு. இந்தக் கணக்கை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கல்லூரியில் பாடம் நடத்தப் போக பி.எட். தேவையில்லை; எம்.ஏ.வில் பொதுப் பிரிவினருக்கு 55 சதவீதமும், தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியும் கேட்பார்கள். நெட் என்பது இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைக்கமாட்டார்கள். எம்.ஏ. கடைசி வருடத்திலேயே எழுதலாம்; நிறையப் பேருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் பிஎச்.டி. செய்யும்போது முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய் வரும். அதற்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30, பெண்களுக்குத் தளர்வு உண்டு. படிப்பைத் தள்ளிப்போடும் பெண்கள் இதை நினைவில் வையுங்கள்.

நெட் முடித்தவர்களுக்கே பல தனியார் கல்லூரிகள் கொடுக்கும் சம்பளத்தைக் கேட்டால் மனசு கஷ்டப்படும். அதனால்தான் மற்ற வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது காப்பி எடிட்டிங்கில். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களையும் புத்தகங்களையும் அச்சுக்குத் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல இருக்கின்றன. கொரியாவிலோ பிரேசிலிலோ ஒரு டாக்டர் எழுதிய கட்டுரை நம் மேசைக்கு வரும். இலக்கணம், நிறுத்தக்குறி, மேற்கோள் பட்டியல், இதழுக்கென்று உள்ள ஸ்டைல் எல்லாம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அது பாதி வேலைதான். எழுதியவர் சொல்ல வந்தது மாறாமல் திருத்துவது மீதிப் பாதி. கட்டுரையில் 48 நோயாளிகள் என்று இருக்கும், அட்டவணையைக் கூட்டினால் 46 வரும். எது சரி என்று நாமாக ஊகிக்கக் கூடாது, கட்டுரை எழுதியவரிடம் கேள்வி எழுப்ப வேண்டும். ஒரு கவிதையை வரி வரியாக நிறுத்தி, "இந்தச் சொல் ஏன் இங்கே இருக்கிறது?" என்று வகுப்பில் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கண் தானாக வரும். எங்களிடம் வேலை கேட்டு வருபவர்களுக்கு ஒரு பக்கம் கொடுத்துத் திருத்தச் சொல்வோம். இலக்கிய இயக்கங்களையும் ஆண்டுகளையும் மளமளவென்று ஒப்பிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் தடுமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. 2 வருடமும் ஒரு பத்தியைக்கூடச் சொந்தமாக எழுத வைக்காமல் அனுப்பியவர்கள்மேல்தான் வருகிறது.

ஏ.ஐ. வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். உண்மைதான், எழுத்துப்பிழை பார்க்கும் அளவில் நிற்பவர்களுக்கு இனி இடம் குறைவு. மென்பொருள் போட்ட திருத்தம் பொருளைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஆங்கிலம் ஆழமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

டெக்னிக்கல் ரைட்டிங் (மென்பொருள், கருவிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது), இ-லேர்னிங் பாடங்கள் எழுதுவது, வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பயிற்சி, பொறியியல் கல்லூரிகளில் ஆங்கில வகுப்பு என்று இன்னும் இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம்.

மொழிபெயர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023இல் சென்னை சர்வதேசப் புத்தகக் காட்சி தொடங்கியதிலிருந்து, தமிழ் நூல்களைப் பிறமொழிகளுக்குக் கொண்டுபோக அரசு நிதியுதவி தருகிறது. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, அது வேறு விஷயம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியத்தில் படித்ததைக் குறையாக நினைத்துக் குறுகி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே பெரிய பலம் இருக்கிறது. வட்டார வழக்கில் ஒரு பாட்டி பேசுவதன் ஏற்ற இறக்கம் அவர்களுக்குக் காதிலேயே இருக்கும். ஆங்கிலத்தை உழைத்துக் கற்றுக்கொள்ளலாம். அந்தக் காதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

சரி, எப்படி உழைப்பது? பெரிய நாவலில் ஆரம்பித்து மிரளாதீர்கள். சிறுகதை, ஓரங்க நாடகம், நல்ல கட்டுரை போதும். மூலத்தைப் படியுங்கள், புரியாத இடத்தில் அகராதியைத் திறங்கள். படித்ததை மூடி வைத்துவிட்டு உங்கள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. திருத்தித் தர ஒரு ஆசிரியர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல் அங்கே படிக்கும் சீனியர்களிடம் விசாரியுங்கள்: நூலகத்தில் புத்தகம் வெளியே கொடுக்கிறார்களா, அசைன்மென்ட்டைத் திருத்தித் திருப்பித் தருகிறார்களா?

அப்புறம், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். காசு கொடுத்து எழுதி வாங்கும் பழக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாற்பது பக்கமானாலும் நீங்களே எழுதுங்கள். இன்டர்வியூவுக்கு வரும்போது அதை எடுத்து வாருங்கள், நான் வாங்கிப் படிப்பேன்.