ஊசி போட்டுக் கறக்கும் பால்

மாட்டுக்குப் போடும் ஹார்மோன் ஊசி பாலில் கலப்பதால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்ற செய்தி எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மறுபடியும் வந்திருக்கிறது. அதைப் பகிர்ந்த அத்தையின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஊசியை நான் அருகில் நின்று பார்த்தவன்.

என் சிறுவயதில் எங்கள் மாட்டின் கன்று பிறந்த சில நாட்களிலேயே செத்துவிட்டது. அம்மா வெந்நீரால் மடியைக் கழுவி, காம்பில் விளக்கெண்ணெய் தடவி, தவிட்டுத் தண்ணீரைக் காட்டிக் கெஞ்சினாலும் மாடு பாலை அடக்கிக்கொண்டே நிற்கும். கறவைக்காரர் ஒரு நாள் தன் வேட்டி மடிப்பிலிருந்து சிறு குப்பியை எடுத்து ஊசி போட்டார். சற்று நேரத்தில் காம்பு தானாகவே சொட்டியது. பிறகு ஊசி போடாத நாளில் அது பால் விடவே இல்லை.

குப்பியில் இருந்தது ஆக்சிடோசின். கன்று முட்டும்போது மாட்டின் உடலிலேயே ஊறும் இந்த ஹார்மோன், மடியில் ஏற்கெனவே இருக்கும் பாலை இறக்கிவிடுகிறது. ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன இது இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். பாலோடு நம் வயிற்றுக்குள் போனாலும் மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். பெண்களைப் பருவமடையச் செய்யும் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் வேறு வகை ஹார்மோன். ஆகவே பூப்பெய்தும் வயதுக்கு இந்த ஊசியைக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

அதனால் இந்த ஊசியை நான் நியாயப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். வேளைக்கு வேளை ஊசி குத்தப்படும் மாடு, மடியைத் தொட்டால் பால் விடும் இயல்பையே இழக்கிறது. உடல்நலத்துக்குக் கேடான எதையும் பால் சுரப்புக்காகக் கறவை மாட்டுக்குச் செலுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம்; 2 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தை ஊர்தோறும் நடைமுறைப்படுத்தியிருந்தாலே போதும் என்பது என் எண்ணம். அதற்கு மாறாக, மத்திய அரசு 2018 ஏப்ரலில் தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுத் தேவைக்கு ஆக்சிடோசின் தயாரிப்பதையே தடை செய்தது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தித் தாயின் உயிரைக் காக்கும் முதன்மையான மருந்தும் இதுவேதான். அந்தத் தாய்மார்களுக்கு ஏற்படும் பாதிப்பை அரசு எண்ணிப் பார்க்கவில்லை என்று கூறி, டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் தடை ஆணையை ரத்து செய்தது.

பாலைப் பற்றி அஞ்சுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் 77இல் ஆன்டிபயாடிக் மருந்தும், 368இல் பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சும் வரம்பை மீறி இருந்தன. பால்காரரிடம் அத்தை கேட்க வேண்டியவை இவைதான்: ஊசி போட்டுக் கறக்கிறீர்களா, மடிநோய்க்கு மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலை விற்காமல் வைக்கிறீர்கள், புண்ணாக்கை ஈரம் படாமல் எங்கே அடுக்குகிறீர்கள்?